கடன் கைமீறுகிறதா? அறிகுறியைப் பார்த்து உதவி தேடும் வழிமுறை

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, டெல்டா மாவட்டம் ஒன்றில் முன்னோடி வங்கி (மாவட்டத்தின் மற்ற வங்கிகளை ஒருங்கிணைக்கும் வங்கி) நடத்தும் நிதிசார் கல்வி மையத்தில் சில வருடம் ஆலோசகராக உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இந்தக் கடிதம் என்றைக்கு வந்தது?" கடன் விஷயத்தில் கிடைக்கிற உதவி ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு இருக்கிறது. பதினைந்து நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று. கெடுவுக்குள் வந்தவருக்கு நாலு வழி காட்ட முடிந்தது. கெடு தாண்டி வந்தவரிடம் பல நாள் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துப் பேச மட்டுமே முடிந்தது.

அதனால் கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் நிலைமை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

"நான் இல்லாமல் போனால் எல்லாம் தீர்ந்துவிடும்" என்று தோன்றுகிறது

இந்த எண்ணம் ஒருமுறை வந்திருந்தால்கூட, கணக்கு வழக்கு எல்லாம் அப்புறம். இன்றைக்கே 14416 என்ற எண்ணை அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 104-ம் இருக்கிறது. கூடவே வீட்டில் ஒருவரிடம், ஒரே ஒருவரிடம், இன்று இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.

கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல. அதற்காக மட்டும் யாரையும் ஜெயிலில் போட முடியாது. செக் கொடுத்திருந்தால் விஷயம் கொஞ்சம் வேறு. அதற்கும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். எவ்வளவு பெரிய கடனுக்கும் சட்டத்தில் ஒரு முடிவு வைத்திருக்கிறார்கள்.

மொத்தக் கடன் எவ்வளவு என்று கேட்டால் "ஒரு மூணு லட்சம் இருக்கும்" என்கிறீர்கள்

தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவர் அப்படித்தான் சொன்னார். நாற்பது பக்க நோட்டு ஒன்றை நீட்டி, எழுதச் சொன்னேன். யாரிடம், எவ்வளவு வாங்கியது, இன்னும் எவ்வளவு பாக்கி, மாத வட்டி என்ன, என்ன கொடுத்து வாங்கியது என்று ஐந்து கட்டம். முதல் நாலு வரியை வேகமாக எழுதினார். ஐந்தாவதில் நிமிர்ந்து பார்த்தார். மச்சானிடம் வாங்கிய கைமாற்று, பாதியில் எடுத்த ஏலச்சீட்டு, மனைவி பேரில் குழுக் கடன், போனுக்குப் போட்ட இ.எம்.ஐ. என்று பதினாலு வரி வந்தது. கூட்டினால் ஏழு லட்சத்துச் சொச்சம். பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதில் நாலுதான் சார் வீட்டுக்குத் தெரியும்" என்றார்.

இந்த வேலைக்கு ஆலோசகர் தேவையில்லை, நீங்களே செய்யலாம். மறந்துபோனவற்றைப் பிடிக்க, உங்கள் பேரில் உள்ள கடன்களைப் பட்டியலிடும் சிபில் அறிக்கையை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

எழுதி முடித்ததும் மாதத் தவணைகளைக் கூட்டி, கைக்கு வரும் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். நாற்பது சதவீதத்தைத் தாண்டினால் புதுக் கடனை நிறுத்த வேண்டும். ஐம்பதைத் தாண்டினால் நீங்களாகச் சமாளிக்கிற கட்டம் போய்விட்டது என்பது என் அனுபவம். சிறுகடன் கொடுக்கும் மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பும் அதேதான்: குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது.

கிரெடிட் கார்டில் மினிமம் மட்டும் கட்டி வருகிறீர்கள்

பாக்கி 60,000 ரூபாய் என்று வையுங்கள். மினிமம் ஐந்து சதவீதம் என்றால் 3,000. மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 2,100. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 378. ஆக, நீங்கள் கட்டிய மூவாயிரத்தில் அசலில் கழிவது 522 ரூபாய். பாக்கி வைத்திருக்கும்போது புதிதாகத் தேய்த்தால், அந்தச் செலவுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். 45 நாள் சலுகை எல்லாம் கிடையாது.

மூன்று மாதம் தொடர்ந்து மினிமம் மட்டும் கட்டியிருந்தால், கார்டு கொடுத்த வங்கியிடமே பாக்கியை இ.எம்.ஐ.-யாக மாற்றச் சொல்லுங்கள். வட்டி கணிசமாகக் குறையும். வங்கி சம்மதித்த அன்றே கார்டை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். பூட்டாதவர்கள் ஆறு மாதத்தில் இ.எம்.ஐ. ஒன்றும் புதுப் பாக்கி ஒன்றுமாகத் திரும்பி வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு டியூ கட்ட இன்னொரு இடத்தில் வாங்குகிறீர்கள். நகையை மீட்டு மறுபடி வைக்கிறீர்கள்

'உருட்டுவது' என்று சொல்வோமே, அதுதான். உதவி தேடச் சரியான நேரம் இதுதான், ஆனால் பெரும்பாலானவர்கள் இந்தக் கட்டத்தில் வருவதே இல்லை. எல்லா டியூவும் தேதிக்குக் கட்டிவிடுவதால் பிரச்சினை இருப்பதாகவே தெரியாது. அம்மாவின் செயின் சேட்டுக் கடைக்குப் போகிறது, அடுத்து வளையல், அடுத்து பிள்ளையின் காது வளையம். நகை மூழ்கிப்போன பிறகுதான் வீட்டுக்கே தெரியவருகிறது.

இங்கே இருக்கும் கெடு தொண்ணூறு நாள். ஒரு தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வங்கி அந்தக் கணக்கை வாராக்கடன் என்று எழுதிவிடும். அதற்கு முன்னால் போனால் மேலாளருக்குக் கை கொஞ்சம் தாராளமாக இருக்கும். தவணைக் காலத்தை நீட்டுவது, சில மாதம் வட்டி மட்டும் கட்டுவது, இரண்டு மூன்று சிறு கடனை ஒரே கடனாக்குவது என்று எதையாவது செய்ய முடியும். வாராக்கடன் ஆன பிறகு கோப்பு அவர் மேஜையைத் தாண்டி மண்டல அலுவலகத்துக்குப் போய்விடும்.

நேரில் பேசுங்கள், ஆனால் பேச்சோடு விடாதீர்கள். வருமானம் ஏன் குறைந்தது, மாதம் எவ்வளவு கட்ட முடியும், எந்த மாதத்திலிருந்து பழையபடி கட்டுவீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால், ஓடி ஒளியாமல் முயன்றவர் என்பதற்கு அந்தச் சீல்தான் சாட்சி. கிளையில் கேட்கவில்லை என்றால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள். நிதிசார் கல்வி மையம் எங்கே இருக்கிறது என்று அவரே சொல்வார். அங்கே காசு கேட்க மாட்டார்கள்.

காசு கேட்கிற ஒரு கூட்டம் தனியாக இருக்கிறது. "உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம், இனி வங்கிக்குக் கட்டாதீர்கள், மாதாமாதம் எங்களிடம் கொடுங்கள்" என்பார்கள். முன்பணம் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள். கட்டுவதை நிறுத்தியதால் வட்டியும் அபராதமும் ஏறும், சிபில் விழும், வக்கீல் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

வங்கியே ஒரே தொகையில் முடித்துக்கொள்ளலாம் என்று செட்டில்மென்ட் கொடுத்தால், வங்கியின் கடிதம் கையில் வந்த பிறகே பணம் கட்டுங்கள். அறிக்கையில் அந்தக் கடன் 'முடிந்தது' என்று வராது, 'செட்டில் ஆனது' என்று வரும். அடுத்த சில வருடம் வீட்டுக்கடன் கிடைப்பது சிரமம். வேறு வழியே இல்லாதவர் அதை ஏற்றுக்கொள்ளலாம். தவணையை நீட்டிக் கட்ட முடிகிறவர் அவசரப்பட்டுச் செட்டில்மென்டுக்குப் போகக் கூடாது.

போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. வாசலில் ஆள் வந்து நிற்கிறார்

வங்கி, நிதி நிறுவனம் எதுவானாலும் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. குழுக் கடன் கொடுக்கும் மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்களுக்கு இன்னும் இறுக்கம்: காலை 9 முதல் மாலை 6 வரைதான். இரு தரப்பும் பேசி வைத்த இடத்தில்தான் வசூல். அங்கே நீங்கள் தொடர்ந்து இரண்டு முறை வராமல் போனால் மட்டுமே வீட்டுக்கு வரலாம். ராத்திரி ஒன்பது மணி வரை திண்ணையில் உட்கார்ந்து "பணத்தை வைத்தால்தான் எழுந்திருப்பேன்" என்பது, உறவினருக்கு போன் போட்டு அசிங்கப்படுத்துவது, கெட்ட வார்த்தை பேசுவது எதுவும் செல்லாது.

செய்ய வேண்டியது: தேதி, நேரம், பேசியவர் பெயர், சொன்ன வார்த்தை நான்கையும் கடன் பட்டியல் எழுதிய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அழைப்பைப் பதிவு செய்யுங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார்; குழுக் கடன் என்றால் கடன் அட்டையிலேயே அந்த விவரம் இருக்கும். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனுக்கு, அதாவது குறைதீர்ப்பாளருக்கு, போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 14448-ல் கேட்டால் வழி சொல்வார்கள். மிரட்டல், கைவைப்பது, பொருளைத் தூக்குவது என்று போனால் 30 நாள் காத்திருக்காதீர்கள். அன்றே காவல் நிலையம். கடன் வசூலில் வற்புறுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025-ல் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது.

செயலியில் வாங்கிய கடன். உங்கள் போட்டோவைக் காட்டி மிரட்டுகிறார்கள்

இது கடன் பிரச்சினையே இல்லை, மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றம். அப்படித்தான் இதைக் கையாள வேண்டும். கடன் செயலி எதுவும் உங்கள் போனில் இருக்கும் தொடர்பு எண்களையோ படங்களையோ தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே தடை போட்டுவிட்டது. தொட்டிருக்கிறது என்றாலே அது ஒழுங்கான நிறுவனம் இல்லை.

எல்லா மிரட்டல் செய்திக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு செயலியை நீக்குங்கள். 1930-ஐ அழைத்து சைபர் குற்றப் பிரிவில் புகார் பதியுங்கள். அப்புறம், கஷ்டமாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள்: "என் போனிலிருந்து எண்களைத் திருடிவிட்டார்கள், என்னைப் பற்றித் தப்பான படம் வந்தால் நம்பாதீர்கள்" என்று உறவினருக்கும் நண்பருக்கும் நீங்களே முந்திக்கொண்டு அனுப்பிவிடுங்கள். மிரட்டுகிறவன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் உங்கள் வெட்கம். அதன்பின் அவனிடம் ஒன்றும் இல்லை. ஒரு செயலிக்குக் கட்ட இன்னொரு செயலியை இறக்காதீர்கள். பல சமயம் இரண்டையும் நடத்துவது ஒரே கூட்டம்தான்.

மீட்டர் வட்டி, தண்டல், வெற்றுப் புரோநோட்டு

பத்தாயிரம் கடன் என்று சொல்லி 8,500 கையில் கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வாங்குவார்கள். பார்க்க 1,500 ரூபாய்தான் வட்டி. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும். "பத்து வட்டி" என்றால் வருடத்துக்கு 120 சதவீதம்.

இதில் ஆபத்தான கட்டத்தை அடையாளம் காட்ட ஒரு வாக்கியம் போதும்: "பத்திரத்தை மாத்தி எழுதிடலாம்." பாக்கி வட்டியையும் அசலோடு சேர்த்துப் புதுப் புரோநோட்டு கேட்கிறார்கள் என்று அர்த்தம். எழுதிக் கொடுக்காதீர்கள். அன்றே வக்கீலைப் பாருங்கள். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக் கொடுத்திருந்தாலும் அப்படியே. யார் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது என்றால், கடன் இருப்பதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொண்டு தொடங்கும். இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. ஆகவே இனிமேல் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் வங்கி வழியாகவோ ஜி-பே வழியாகவோ போகட்டும்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் தடை செய்கிறது. மூன்று வருடம் வரை சிறை உண்டு. நியாயமாகத் தர வேண்டிய தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டுக் கடனை முடிக்கவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. உள்ளூர் காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம், அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

பதிவுத் தபால் வந்திருக்கிறது. பிரிக்கப் பயமாக இருக்கிறது

சின்ன மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மா ஜவுளிக்கடைக் கட்டைப்பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து மேஜையில் வைத்தார். ஓரமெல்லாம் மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கும். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்களாம், பிரிக்காமலே. நான்தான் பிரித்தேன். அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் வந்த அறுபது நாள் நோட்டீஸ். தேதியைப் பார்த்தேன். அன்றைக்கு 74-வது நாள். அந்த இரண்டு மாதத்தில் அவர் சொந்தக்காரர்களிடம் புரட்டி வைத்திருந்த பணம், பேசி முடிக்கப் போதுமான பணம். அந்த வாரமே வாசல் கதவில், சொத்தை வங்கி எடுத்துக்கொண்டது என்று சொல்லும் சுவாதீன நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

உறையைப் பிரிப்பதால் எந்தப் பொறுப்பும் கூடிவிடாது. வாங்க மறுத்தாலும் நோட்டீஸ் வந்ததாகத்தான் கணக்கு. வந்த தேதியை உறை மேலேயே எழுதுங்கள். பிறகு எது என்று பாருங்கள்.

செக் திரும்பியதற்கான வக்கீல் நோட்டீஸ் என்றால் உங்களுக்கு 15 நாள். அதற்குள் செக் தொகையைக் கட்டிவிட்டால் வழக்கே கிடையாது. தவறினால் இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் என்று போகக்கூடிய கிரிமினல் வழக்கு. கணக்கிலிருந்து தானாக எடுக்கும் இ.எம்.ஐ. பணம் இல்லாமல் திரும்பினாலும் ஏறக்குறைய இதே மாதிரி வழக்குப் போட வேறொரு சட்டம் இருக்கிறது. தொகை சரியில்லை என்றால் அந்தப் பதினைந்து நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் போக வேண்டும்.

வீட்டையோ மனையையோ அடமானம் வைத்த கடனுக்கு வரும் 60 நாள் நோட்டீஸுக்கு நீங்கள் ஆட்சேபம் எழுதலாம். எழுதினால் 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். சுவாதீனம் எடுத்துவிட்டால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். சென்னை, மதுரை, கோவையில் இருக்கிறது. விவசாய நிலத்தை இந்தச் சட்டத்தில் எடுக்க முடியாது. பலருக்குத் தெரியாத ஒன்று: முழுப் பாக்கியையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைக்கும்தான். முன்பெல்லாம் கடைசி நிமிடத்தில் பணத்தோடு ஓடிப்போய் மீட்டவர்கள் உண்டு. 2016-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு அது முடியாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா நீதிமன்றங்களில் குழுக்கள் இருக்கின்றன. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100-ல் கேட்கலாம். அங்கேயே மக்கள் நீதிமன்றத்தில் வங்கியோடு பேசி முடிக்கவும் ஏற்பாடு செய்வார்கள். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்ட பிறகு அப்பீல் கிடையாது. உங்களால் உண்மையிலேயே கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் தலையாட்டுங்கள்.

எதை விற்றாலும் கடன் அடையாது

'மஞ்சள் நோட்டீஸ்', அதாவது திவால், என்றால் நம் ஊரில் இன்னும் கேவலமாகத்தான் பேசுகிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. தனிநபர் திவாலுக்கு இன்றும் பழைய சட்டங்கள்தான்: சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் உங்கள் சொத்து அதிகாரி பொறுப்பில் போகும், கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடப்படும், பிறகு விடுவிப்புக்கு நீங்கள் மனுப் போட வேண்டும். அடமானம் பிடித்திருக்கும் வங்கியை இது தடுக்காது. மனுவுக்கு முன்னால் வீட்டைத் தம்பி பேருக்கு எழுதி வைப்பது போன்ற வேலை செய்யவே செய்யாதீர்கள். இரண்டு வருடத்துக்குள் நடந்த அப்படிப்பட்ட கைமாற்றத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம், உங்கள் நேர்மையும் அதோடு போய்விடும். சிவில் பக்கம் நன்றாகத் தெரிந்த வக்கீல் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

கடன் உங்களுடையதே இல்லை, ஜாமீன் கையெழுத்துதான் போட்டீர்கள்

வாங்கியவருக்கு இருக்கும் பொறுப்பு முழுக்க உங்களுக்கும் உண்டு. முதலில் அவரைப் பிடித்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற விதி இல்லை. அவர் ஒரு தவணை தவறினார் என்று தெரிந்த உடனே வங்கியில் பாக்கி விவரம் எழுதிக் கேளுங்கள். உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் மேலே சொன்ன எல்லாக் கெடுவும் உங்களுக்கும் பொருந்தும்.

முதல் நாள் போகும்போது

கடன் பட்டியல் எழுதிய நோட்டு, பிரித்த உறைகள் எல்லாம், கடன் ஒப்பந்த நகல்கள், ஆறு மாத வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு, ஆதார். செக் கொடுத்திருந்தால் செக் புத்தகத்தின் அடிக்கட்டை. எந்த எண் செக் யாரிடம் இருக்கிறது என்று அதில்தான் தெரியும். முடிந்தால் வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ஆசிரியர் இரண்டாவது முறை வந்தபோது மனைவியை அழைத்து வந்திருந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்த அந்த அம்மா, பதினைந்தாவது வரியைத் தன் கையால் எழுதினார்.